இனியாவை விட்டுவிட்டுப் போகும் வீடு

அன்புக்கரசிக்கு அந்த வீட்டில் கேட் மட்டும்தான் நன்றாகத் தெரியும். காலை எட்டு பத்துக்கு ஸ்கூட்டியை அதன் முன்னால் நிறுத்துவாள். முன்பக்கம் நின்றுகொண்டு வரும் இரண்டரை வயது இனியாவைத் தூக்கிக் கொடுப்பாள். கேட்டுக்கு உள்ளே நிற்கும் ராசாத்தாள் வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். பிறகு பை கைமாறும்.

"தூங்குனாளுங்களா?"

"தூங்குனாளுங்கக்கா."

"காலையில என்னுங்க குடுத்தீங்க?"

"ரெண்டு இட்லிங்க."

அத்தோடு சரி. எட்டரைக்குள் பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் கம்பெனி வாசலில் விரல் ரேகை வைத்தாக வேண்டும். மாதத்தில் மூன்று நாள் தாமதமானால் அரை நாள் லீவு போய்விடும். கேட்டிலேயே எல்லாம் முடிந்துவிடுவது அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது. உள்ளே வாங்க என்று யாரும் கூப்பிடவில்லை என்பதை அவள் எட்டு மாதமாகக் கவனிக்கவில்லை.

அன்புக்கரசிக்கு வயது முப்பத்திரண்டு. டிப்ளமோ படித்தவள். கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை. போர்வெல்லுக்குள் இறக்கும் மோட்டார்களைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, ஓடவிட்டு, எவ்வளவு கரண்ட் இழுக்கிறது, எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுகிறது என்று பார்த்துச் சீட்டு ஒட்ட வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. மாலையில் விரல்களின் தோல் ஊறிச் சுருங்கியிருக்கும். அவள் கணவன் சாமுவேல் அரசு பஸ் டிரைவர். வால்பாறை வண்டி. நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கி, அங்கேயே ரூமில் தங்கி, வாரத்தில் ஒன்றரை நாள் வீட்டுக்கு வருவான். வந்தால் பாதி நேரம் தூங்குவான். அவள் அம்மா அன்னூர்ப் பக்கம் அண்ணன் வீட்டில், அண்ணனின் இரட்டைக் குழந்தைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஆகவே இனியாவுக்கு ராசாத்தாளை விட்டால் வேறு ஆளில்லை.

ராசாத்தாளுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு காலத்தில் நாலு ஏக்கர் தென்னந்தோப்புக்குச் சொந்தக்காரக் குடும்பம். தோப்பு இப்போது வீட்டுமனைகளாகி, நடுவில் அவர்கள் வீடும் இரண்டு மரமும் மிஞ்சியிருந்தன. கணவர் தம்பிதுரை நடத்திவந்த லேத் பட்டறையும் மூடியாகிவிட்டது. மகன் குடும்பத்தோடு புனேயில் இருந்தான். கம்பெனி ஆபீசில் வேலை செய்யும் கீதாதான் அவளைப் பற்றிச் சொல்லி அனுப்பினாள்.

முதல் நாள் பேசப் போனபோது ராசாத்தாள் சொன்னாள்: "இத வேலைன்னு நெனைக்காதீங்க அம்மணி. ஊட்டுல சும்மாதான இருக்கறேன். குழந்தை இருந்தாப் பொழுது போகும்."

அன்புக்கரசி, "சரிங்கக்கா" என்றாள். அக்கா என்ற அந்தச் சொல்லைச் சொல்வதற்கு முன் ஒரு நொடி யோசித்தாள். அவள் அம்மாவும் அப்பாவும் இப்படிப்பட்ட தோட்டக்காரர் வீடுகளில் கூலி வேலை செய்தவர்கள். அம்மாவாக இருந்தால் முற்றத்தில் நின்று "ஏனுங்காத்தா" என்று கூப்பிட்டிருப்பாள். அக்கா என்றதும் ராசாத்தாள் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று அன்புக்கரசி நினைத்துக்கொண்டாள்.

குழந்தையை ராசாத்தாள் நன்றாகவே பார்த்துக்கொண்டாள். அதில் குறை சொல்ல முடியாது. பருப்புச் சோற்றை மை போல மசித்து ஊட்டினாள். வெயிலேறுவதற்கு முன் குளிப்பாட்டித் தலைக்கு எண்ணெய் வைத்தாள். இனியா பேசக் கற்றதெல்லாம் அங்கேதான். ராசம்மா என்று அவளைக் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டு நடக்கும்போது நடுவில், "ராசம்மா ஊட்டுக்குப் போலாம்" என்று அழுவாள். அன்புக்கரசி சிரித்துச் சமாளிப்பாள். வீட்டுக்கு வந்ததும் துலக்கிய பாத்திரங்களையே மறுபடி துலக்குவாள்.

சின்னச் சின்ன உறுத்தல்கள் இல்லாமல் இல்லை. மதியம் தூங்காவிட்டால் ராசாத்தாள் செல்போனில் பொம்மைப் படம் போட்டுக் கையில் கொடுத்துவிடுவாள். வேண்டாம் என்று சொல்ல அன்புக்கரசிக்கு நாக்கு வரை வரும். சொல்லி அவள் மனம் கோணிவிட்டால் நாளைக்கு யாரிடம் விடுவது என்று விழுங்கிக்கொள்வாள். அந்தப் பக்கமும் அதே கதைதான். ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கம்பெனியில் சரக்கு அனுப்பும் நாட்களில் அன்புக்கரசி ஏழேகாலுக்கு வந்து நிற்பாள். ராசாத்தாள் குழந்தையைக் கொடுப்பாள், கேட் மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சாத்தப்படும். எட்டு மாதமாக இருவரும் எதையும் சொல்லிக்கொள்ளாமல் நல்ல மாதிரியாகவே இருந்தார்கள்.

ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை. காற்று ஊரையே பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி வீசிக்கொண்டிருந்தது. காலை ஆறு மணிக்கு எழுந்தபோது இனியாவின் உடம்பு கொதித்தது. தெர்மாமீட்டர் நூற்றிரண்டு காட்டியது. அன்று வெளிமாநிலத்துக்கு லோடு ஏற்ற வேண்டியிருந்தது. சூப்பர்வைசர் கிருபாசங்கர் முந்தின நாளே, "நாளைக்கு யாரும் லீவு கேக்காதீங்க" என்று சொல்லியிருந்தார். அந்த மாதம் இரண்டு பெர்மிஷன் எடுத்தாகிவிட்டது. காய்ச்சல் என்று தெரிந்தால் ராசாத்தாள் வாங்கிக்கொள்ள மாட்டாள். போன தடவை சளிக்கே, "ஒரு நாள் ஊட்டுல வெச்சுப் பாருங்களேன்" என்றிருந்தாள்.

அன்புக்கரசி ஆறரைக்குக் காய்ச்சல் மருந்தை ஊற்றிக் கொடுத்தாள். எட்டு மணிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. கேட்டில் வழக்கம்போல், "தூங்குனாளுங்களா?" என்று கேட்டாள் ராசாத்தாள்.

"தூங்குனாளுங்கக்கா. கொஞ்சம் அசதியா இருக்கறா. அவ்வளவுதானுங்க."

ஸ்கூட்டியைத் திருப்பும்போது இனியா கையாட்டவில்லை. அதையும் பார்த்துக்கொண்டேதான் போனாள்.

பதினொன்றரை மணிக்கு வாட்ச்மேன் டெஸ்டிங் பிரிவுக்கே ஓடி வந்தார். செல்போன்களை வாசலில் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது கம்பெனி விதி. ராசாத்தாள் ஆறு முறை கூப்பிட்டிருக்கிறாள். பிறகு கீதாவின் நம்பரைத் தேடிப் பிடித்திருக்கிறாள். குழந்தைக்கு வலிப்பு வந்துவிட்டது, மெயின் ரோட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று வாட்ச்மேன் சொன்னார். அன்புக்கரசி ஈரக் கையோடு ஓடினாள்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் ராசாத்தாள் உட்கார்ந்திருந்தாள். காலில் செருப்பில்லை. சேலையில் குழந்தை வாந்தியெடுத்திருந்தது. ஆட்டோ கிடைக்காமல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கால் கிலோமீட்டர் ஓடியிருக்கிறாள். பிறகு யாரோ பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டிருக்கிறார்கள். இனியா உள்ளே கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தாள். வலிப்பு நின்றிருந்தது.

டாக்டர் வெளியே வந்து, "காய்ச்சல் ஏறுனதால வந்ததுங்க. இந்த வயசுல சில குழந்தைகளுக்கு வரும். பயப்படாதீங்க. காலையில மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க டாக்டர். புள்ள நல்லாத்தான் வந்துச்சு" என்றாள் ராசாத்தாள்.

அன்புக்கரசி தரையைப் பார்த்தபடி, "ஆறரைக்குக் குடுத்தனுங்க. நூத்தி ரெண்டு இருந்துச்சு" என்றாள்.

டாக்டர் குறித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ராசாத்தாள் குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா நான் துணி நனச்சுப் போட்டிருப்பனுங்க. பக்கத்துலயே உக்காந்திருப்பேன். குளுருதோ என்னமோன்னு போர்வையப் போத்தி உட்டுப்போட்டு அடுப்புல நின்னுட்டு இருந்தேன். திரும்பிப் பாத்தா கண்ணு மேல சொருகிக் கெடக்குது. ஏதோ ஒண்ணு ஆகியிருந்தா நான்தானுங்களே கொன்னவ."

அன்புக்கரசி உள்ளே போய் மகளின் கட்டிலோரம் நின்றுகொண்டாள்.

மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். வழியில் ராசாத்தாளை இறக்கிவிட ஆட்டோ நின்றது. அவள் குளிக்கப் போய்விட, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பையை எடுக்க அன்புக்கரசி இறங்கினாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தம்பிதுரை, "பையி பொறத்தால இருக்குதுங்க. இப்படிச் சுத்திப் போங்க" என்று பக்கச் சந்தைக் காட்டினார்.

சந்து வழியே சுற்றிப் போனாள். பின்பக்கம் தகரம் வேய்ந்த இடம். ஆணியில் இனியாவின் பை தொங்கியது. கீழே அவளுடைய பாய், தலையணை, இரண்டு பொம்மைகள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஒரு சின்னத் தட்டும் டம்ளரும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. இரண்டின் அடியிலும் சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி. வீட்டுப் பாத்திரங்களோடு கலந்துவிடாமல் இருக்க வைத்த அடையாளம். அவள் கொடுத்தனுப்பிய பாத்திரங்கள் அல்ல அவை. சமையலறைக் கதவு உள்பக்கமாகத் தாழிட்டிருந்தது.

அதற்கு விளக்கம் யாரும் சொல்லத் தேவையில்லை. அம்மா சொல்லிச் சொல்லிக் கேட்டு வளர்ந்த விஷயம்தான். தன் மகள் எட்டு மாதமாக இந்த வீட்டுக்கு வெளியே சாப்பிட்டிருக்கிறாள். பையை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து உட்கார்ந்தாள். கோபம் வர வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் காலையிலிருந்து நடந்ததெல்லாம் சேர்ந்து உடம்பில் கோபத்துக்குக்கூடத் தெம்பில்லை.

அன்றிரவு சாமுவேலிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னாள். தட்டு விஷயத்தை அவன் இன்னொரு முறை சொல்லச் சொன்னான்.

"இனி அங்க உட வேண்டாம்னு சொல்றியா?" என்று கேட்டாள்.

"அப்படித்தான் சொல்லத் தோணுது. ஆனா செருப்பில்லாம ஓடுனதும் அவங்கதான? எனக்குத் தெரியல அன்பு. நீ எது சொன்னாலும் சரி."

அவள் அடுத்த இரண்டு நாள் லீவு போட்டாள். சனிக்கிழமை ஒரு குழந்தைகள் காப்பகத்தில் விட்டுப் பார்த்தாள். ஒரே அறையில் இருபது குழந்தைகள். மதியம் போய்ப் பார்த்தபோது இனியா ஒரு வாய் சாப்பிடாமல், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ராசாத்தாளே வந்தாள். அன்புக்கரசி குடியிருக்கும் மாடி வீட்டுக்கு அவள் வந்தது அதுதான் முதல் முறை. கையில் இனியாவின் துணிகள், துவைத்து மடித்தவை. குழந்தை ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டது.

"காச்ச உட்டுருச்சுங்களா?"

"உட்டுருச்சுங்க."

"நீங்க வரவே இல்லீங்களே. அன்னைக்கு நான் கோவமாப் பேசிப்போட்டேன்னா?"

"நீங்க பேசுனது நாயந்தானுங்க. தப்பு எம்மேல. லீவு கெடைக்காதுன்னு உங்ககிட்ட மறைச்சுப்போட்டேன். அது பெரிய தப்பு. என்னை மன்னிச்சுக்கங்க." அன்புக்கரசி எதிரில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். சொல்வதா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்ததை, யோசிக்க அலுப்பாகிச் சொல்லிவிட்டாள். "இன்னொண்ணு இருக்குதுங்க. பையெடுக்கப் பொறத்தால போனேன். தட்டும் டம்ளரும் பாத்தேன்."

ராசாத்தாளின் கை குழந்தையின் தலையில் அப்படியே நின்றது.

"அது, குழந்தைக்குன்னு தனியா இருக்கட்டுமேன்னு…" என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். "பொய் சொல்ல வரலீங்க. அவருதான் அப்படி வெச்சுக்கோன்னு சொன்னாரு. நானும் மறுத்துப் பேசலீங்க. எனக்கும் அப்ப அது தப்பாத் தோணல. வழக்கந்தானன்னு செஞ்சேன்."

"எங்கம்மா தோட்டத்து வேலைக்குப் போனப்ப கொட்டாங்குச்சியில தண்ணி குடிச்சவங்க. அதெல்லாம் எங்களோட தொலையட்டும்னுதான் இந்தப் பாடு படறோம். இவளுக்கு இப்ப ஒண்ணும் தெரியாது. இன்னும் ரெண்டு வருசம் போனா, ஏம்மா நான் மட்டும் வெளிய சாப்புடறேன்னு கேப்பா. நான் என்னுங்க சொல்றது?"

ராசாத்தாள் கொண்டுவந்த துணிகளை மடியில் வைத்து மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

"எம்புள்ளையத் தூக்கிட்டு நீங்க ஓடுனத நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். அதுக்காகத்தான் சண்டை போடாமக் கேக்கறேன். உள்ள உக்கார வெச்சு, உங்க ஊட்டுத் தட்டுல சோறு போட முடியும்னா அனுப்பறேன். முடியாதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டேன். நான் வேற வழி பாத்துக்கறேன்."

வேறு வழி எதுவும் இல்லை என்பது இருவருக்குமே தெரியும்.

"எனக்கு ரெண்டு நாள் குடுங்க" என்றாள் ராசாத்தாள். இனியாவைக் காலிலிருந்து பிரித்தெடுக்கவே ஐந்து நிமிடமானது. படியிறங்கும்போது சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள்.

திங்களும் செவ்வாயும் சம்பளமில்லா லீவு. கிருபாசங்கர் இரண்டு முறை போன் செய்து, புதன்கிழமையாவது வருவீங்களா என்று கேட்டார். வந்துவிடுகிறேன் என்றாள், எப்படி என்று தெரியாமலே. செவ்வாய் மாலை ராசாத்தாளின் போன் வந்தது.

"நாளைக்குப் புள்ளையக் கூட்டிட்டு வாங்க அம்மணி. கேட்டுலயே நிக்காதீங்க. உள்ள வாங்க."

வீட்டில் என்ன நடந்தது என்பதை அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால்தான் சொன்னாள். தம்பிதுரை ஒத்துக்கொள்ளவில்லை. சொந்தக்காரர்கள் வந்தால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டிருக்கிறார். "மகன் வருசத்துக்கு ஒருக்கா வாரான். ஒறம்பரைச் சனமெல்லாம் கல்யாணத்துக்குத்தான் வாராங்க. பகல் முச்சூடும் எங்கூடப் பேசறது இந்தப் புள்ள ஒண்ணுதான்" என்று இவள் பதில் சொல்லியிருக்கிறாள். அதன்பின் குழந்தை சாப்பிடும் நேரத்தில் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பேக்கரிக்கு டீ குடிக்கப் போய்விடுவார். ஒரு மாதம் அப்படியே போனது. பிறகு புரட்டாசி மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரம் அவரால் வெளியே போக முடியவில்லை. அதிலிருந்து வீட்டிலேயே இருந்துவிட்டார். மனம் மாறினாரா, மழைக்குச் சோம்பல்பட்டாரா என்று அன்புக்கரசிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் தெம்பும் அவளுக்கில்லை. மகள் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறாள், அது போதும் என்றிருந்தது.

அவளும் தன் பங்குக்கு மாறினாள். பத்து நிமிடம் முன்னதாகவே கிளம்பினாள். வீட்டுக்குள் போய் ஒரு நிமிடமாவது உட்கார்ந்து, இரவு எத்தனை முறை இருமினாள், எதைச் சாப்பிடாமல் துப்பினாள், என்ன மருந்து எப்போது கொடுத்தது என்று எதையும் விடாமல் சொன்னாள். கிருபாசங்கரிடம் நேராகப் போய் நடந்ததைச் சொல்லி, டெஸ்டிங் மேடையில் போனை வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினாள். தாமதமாகும் நாளில் நாலு மணிக்கே கூப்பிட்டுச் சொல்லிவிடுவாள். "சொல்லிப்போட்டா ஒண்ணுமில்லீங்க. எப்ப வருவீங்கன்னே தெரியாம ரோட்டப் பாத்துட்டு உக்காந்திருக்கறதுதான் கஷ்டம்" என்றாள் ராசாத்தாள். செல்போன் பொம்மைப் படத்தைப் பற்றியும் அன்புக்கரசி ஒருநாள் சொன்னாள். ராசாத்தாள் முகம் சுருங்கியது. ஆனால் மறுநாளிலிருந்து போன் அலமாரிக்கு மேலே ஏறிவிட்டது.

இருவரும் அக்கா தங்கையாகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. பேச்சு வாக்கில் ராசாத்தாள் சில சமயம், "உங்க ஆளுங்கல்லாம் இப்ப நல்லாப் படிச்சுட்டாங்க" என்பது போல ஏதாவது சொல்லிவிடுவாள். சில நாள் அன்புக்கரசி, "அப்படிச் சொல்லாதீங்கக்கா" என்பாள். சில நாள் கேட்காத மாதிரி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொல்ல ஒரு நாளில் நேரம் போதாது.

தை மாதம் ஒரு மாலை, இனியாவுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது ராசாத்தாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"பூசத்துக்குச் சென்னிமலைக்குப் போய்ட்டு வரலாம்னு இருக்கறேன். ரெண்டு வருசமா நெனச்சுட்டே இருக்கறனுங்க. அன்னைக்கு ஒரு நாளு லீவு எடுத்துக்கட்டுங்களா?"

அன்புக்கரசி நிமிர்ந்து பார்த்தாள். ராசாத்தாளின் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த இடுப்பு எப்போதிலிருந்து வலிக்கிறது என்று யோசித்துப் பார்த்தாள், தெரியவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாகத் தன் குழந்தையைச் சுமக்கிறவள். ஞாயிறு தவிர ஒரு நாள்கூட லீவு கேட்டதில்லை. எனக்கு முடியல என்று அவளும் சொன்னதில்லை, உங்களுக்கு முடியுதா என்று இவளும் கேட்டதில்லை.

"ஒரு நாளுல மலையேறி எறங்கி அடுத்த நாளே எப்படிங்கக்கா இவளத் தூக்குவீங்க? மறுநாளும் எடுத்துக்கங்க. நான் பாத்துக்கறேன்."

"உங்க வேலை?"

"அவரையும் லீவு போட்டு வரச் சொல்றனுங்க. ரெண்டு பேருமா சமாளிச்சுக்கறோம்."

ராசாத்தாள் தலையாட்டினாள். "அப்பச் சரிங்க கண்ணு" என்றாள். அதுவரை அந்தக் கண்ணு குழந்தைக்கு மட்டும்தான் இருந்தது.

பூசத்தன்று அன்புக்கரசி வீட்டில் இருந்தாள். காலையில் துணி துவைத்தாள். மதியம் இனியாவுக்குச் சோறு ஊட்ட முக்கால் மணி நேரமானது. ராசம்மா இப்படி ஊட்ட மாட்டா, அப்படித்தான் ஊட்டுவா என்று அவள் பாடம் எடுத்துக்கொண்டே சாப்பிட்டாள். பிறகு இருவரும் பாயில் படுத்தார்கள். குழந்தையைத் தூங்க வைக்கலாம் என்று தட்டிக் கொடுக்க ஆரம்பித்தவள் முதலில் தூங்கிப்போனாள்.

மூன்று மணிக்கு வால்பாறையிலிருந்து வந்து சேர்ந்த சாமுவேல் பத்து நிமிடம் கதவைத் தட்டினான். போனிலும் கூப்பிட்டுப் பார்த்தான். உள்ளே மணியடிக்கும் சத்தம் கேட்டது, யாரும் எழுந்திருக்கவில்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தபோது தாயும் மகளும் வாயைத் திறந்தபடி ஒரே மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் தட்டுவதை நிறுத்திவிட்டு, ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்து, மாடிப்படியில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.